முப்பத்தொரு கிலோமீட்டர்

கோவில்தாழைக்கும் ஆலங்குறிச்சிக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்த ரயிலை நிறுத்தி, தண்டவாளத்தின் கடைசித் துண்டையும் லாரியில் ஏற்றிக் கயிறு கட்டி அனுப்பிவைத்த மறுநாள் காலையிலிருந்து, அந்த இரண்டு ஊர்களும் ஒன்றைவிட்டு ஒன்று விலக ஆரம்பித்தன. தோணியில் ஏறியவளும் கரையில் நிற்கிறவனும் விலகுகிற மாதிரி, சத்தமில்லாமல், ஒருவர்மேல் ஒருவருக்குக் கோபம் எதுவும் இல்லாமல் விலகின. முதல் நாள் இரண்டு காலடி. இரண்டாம் நாள் ஐந்து. ஊரில் எவருக்கும் அது தெரியவில்லை. தெரிந்த ஒரே ஆள் உத்திராபதி, ஏனென்றால் அந்தத் தூரத்தைக் காலால் எண்ணிவைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

உத்திராபதி அந்த லைனில் இருபத்துநாலு வருஷம் கீமேனாக இருந்தவர். விடிந்ததும் தோளில் சுத்தியலும் கையில் சுருட்டிய கொடிகளுமாகக் கிளம்பி, தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்துவைத்திருக்கும் இரும்புச் சாவிகளில் எது தளர்ந்திருக்கிறது என்று குனிந்து பார்த்துப் பார்த்து அடித்து இறுக்கிக்கொண்டே போவதுதான் அவர் வேலை. கோவில்தாழை ஸ்டேஷனிலிருந்து நரியாற்றுப் பாலம் வரை அவர் பங்கு. ஒன்பதாயிரத்து இருநூற்றுப் பதினாறு காலடி. மழையிலும் அதேதான், பங்குனி வெயிலிலும் அதேதான், காய்ச்சலோடு நடந்த நாளிலும் ஒன்று கூடியதில்லை, ஒன்று குறைந்ததில்லை.

அவர் மனைவி தையல்நாயகிக்கு ஆலங்குறிச்சி ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் ஆயா வேலை. பதினாலு வருஷம் தற்காலிகமாக இருந்து, ரயில் நின்ற வருஷத்து ஆவணியில்தான் நிரந்தரமானாள். தினமும் ஆறு ஐம்பது பாசஞ்சரில் போவாள், சாயங்கால வண்டியில் வருவாள். காலை வண்டி வழியில் அவரைத் தாண்டும்போது உத்திராபதி ஜல்லியை விட்டு இறங்கி ஓரமாக நின்று பச்சைக்கொடி காட்டுவார். இடது பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறவள் அவரைப் பார்த்துச் சிரிக்கமாட்டாள், முந்தானையை மட்டும் சரிசெய்துகொள்வாள். அரைமணி நேரத்துக்கு முன்னால்தான் ஒரே வீட்டிலிருந்து கிளம்பியிருப்பார்கள், ஆனாலும் அந்த ஒரு கணம் அவர்களுக்கு வேண்டியிருந்தது. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அவள் கையில் முதல் குளியல் குளித்த பிள்ளைகள் ஆலங்குறிச்சியில் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள்.

ரயிலை நிறுத்தியபோது, அகலப்பாதை போடப்போகிறார்கள், ஒன்றரை வருஷத்தில் பெரிய வண்டியே வரும் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். உத்திராபதிக்கு வடக்கே எங்கேயோ மாற்றல் வந்தது. அவர் போகாமல் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டார். பழைய தண்டவாளத்தைப் பிரிக்க வந்த காண்டிராக்டருக்கு, எந்த இடத்தில் துரு ஏறிச் சாவி ஒட்டிப்போயிருக்கிறது என்று சொல்ல லைன் தெரிந்த ஆள் ஒருவர் தேவைப்பட்டார்.

"நீங்களா போய்ப் புடுங்கப் போறீங்க?" என்று தையல்நாயகி கேட்டாள்.

"சீக்கிரம் புடுங்கினா சீக்கிரம் போடுவாங்க புள்ள. தெரியாதவனுங்க கையில விட்டா ஆறு மாசம் இழுப்பானுங்க."

இருபத்துநாலு வருஷம் இறுக்கிய சாவிகளை உத்திராபதி நாற்பத்தேழு நாளில் எடுத்துக் கொடுத்தார். வேலையை ஒழுங்காகச் செய்தார். ஒரு சாவியைக்கூட உடைக்கவில்லை.

எல்லாம் முடிந்த மறுநாள், பழக்கம் விடாமல், வெறும் மேடாகக் கிடந்த கரைமேல் நடந்து பாலத்துக்குப் போனார். ஒன்பதாயிரத்து இருநூற்றுப் பதினெட்டு. எங்கோ எண்ணிக்கை தப்பிவிட்டது என்று நினைத்தார். அதற்கு மறுநாள் இருபத்துமூன்று. வாரக் கடைசியில் எழுபது. வீட்டுக்கு வந்து பாதங்களைக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் தையல்நாயகி சொன்னாள்.

"வயசானா நடை சுருங்குமுங்க. எங்கப்பாவுக்கு அப்படித்தான் ஆச்சு."

"எனக்குச் சுருங்கல. தூரம் நீளுது."

அவள் சிரிக்கவில்லை. அன்றைக்குக் காலையில் அவள் போன பஸ் முக்கால் மணி நேரம் தாமதமாகத்தான் ஆலங்குறிச்சிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. வழியில் பஞ்சரும் இல்லை, கூட்டமும் இல்லை.

மூன்று மாதத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அம்மன் குற்றம் என்று ஒரு பக்கம் சொன்னார்கள், இரண்டு ஊரையும் தைத்துவைத்திருந்த இரும்பை உருவினால் வேறு என்ன ஆகும் என்று ஒரு பக்கம் சொன்னார்கள், பொங்கலுக்குள் அந்தப் பேச்சு சலித்துப்போய், காரணத்தைத் தேடுவதை விட்டுவிட்டுப் பிழைப்பைப் பார்க்கத் தொடங்கினார்கள். வழியில் நிலம் வைத்திருந்தவர்களுக்கு மட்டும் முதலில் சந்தோஷமாக இருந்தது, வயல் பெரிதாகிவிட்டதென்று சர்வேயரைக் கூட்டிவந்து சங்கிலி போட்டுப் பார்த்தார்கள். அளவு பழைய அளவாகவே இருந்தது. நிலம் நீண்டபோது அதன்மேல் கிடந்த சங்கிலியும் சேர்ந்து நீண்டிருந்தது. பஸ்ஸின் மீட்டரும் ஆலங்குறிச்சியில் போய் நிற்கும்போது பழைய கணக்கையே காட்டியது. டீசல் மட்டும் இரண்டு மடங்கு தீர்ந்தது. மனிதர்களின் காலடி மட்டும் நீளவில்லை. வயிறும் நீளவில்லை.

அதனால் ஜனங்கள் தூரத்தை வயிற்றால் அளக்கத் தொடங்கினார்கள். ஆலங்குறிச்சி முன்பு ஒரு டீ தூரம். அந்தத் தையில் ஒரு சோறு தூரம் ஆனது. ஆடியில் இரண்டு சோறு. பெண் பார்க்க வந்தவர்கள், மூன்று சோற்றுக்கு அப்பால் பெண் எடுப்பதில்லை என்று தாம்பாளத்தை வைப்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்கள். கோவில்தாழையிலிருந்து மீன் அனுப்பிக்கொண்டிருந்த ஜெகபர் பாய், பெட்டியில் போட்ட ஐஸ் பாதி வழியிலேயே தண்ணீராகிவிடுவதைப் பார்த்து, பச்சை மீனை விட்டுக் கருவாட்டுக்கு மாறினார். ஆலங்குறிச்சியில் படித்த பிள்ளைகள் ஹாஸ்டலில் சேர்ந்தார்கள், முதலில் சனிக்கிழமைகளில் வந்தார்கள், பிறகு தீபாவளிக்கு வந்தார்கள். சாவுக்குத்தான் மிகவும் சிரமமாக இருந்தது. பிறந்த வீட்டார் வந்து முகம் பார்க்கும்வரை எடுக்காமல் வைத்திருப்பதுதான் வழக்கம், ஆனால் அவர்கள் வருவதற்கு இரண்டு நாளாகும் என்ற நிலை வந்தபோது, எடுத்துவிட்டுக் கருமாதிக்கு வரச்சொல்லிப் பழகினார்கள். பிறகு கருமாதிக்கும் வர முடியாமல் போய், வருஷத் திதிக்கு வந்து, எரிந்து ஆறிப்போன சாம்பலுக்கு முன்னால் அன்றைக்குத்தான் செத்த மாதிரி விழுந்து அழுதார்கள். ஊர்க்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் அவர்களோடு இரண்டாவது முறையும் அழுதார்கள்.

தையல்நாயகி தினமும் வந்துபோனது நின்றது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு அறை எடுத்துக்கொண்டாள். வாரத்துக்கு ஒருமுறை வந்தாள், பிறகு மாதத்துக்கு ஒருமுறை. வந்தால் முதல் வேலையாகக் காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்காருவாள். போகும்போது உத்திராபதி பஸ் நிற்கும் இடம் வரை பையைத் தூக்கிக்கொண்டு வருவார்.

"நீங்க அங்க வந்துடுங்களேன்" என்றாள் ஒருமுறை.

"வந்து?"

"வந்து என்ன, என்கூட இருங்க. ரூமு இருக்கு, ஸ்டவ்வு இருக்கு."

"லைன் போட ஆளு வந்தா, எங்க மண்ணு உள்வாங்கும், பாலத்துல எந்தத் தூணு தண்ணி குடிச்சிருக்குன்னு சொல்ல ஒருத்தன் வேணாமா புள்ள?"

"வருவாங்கன்னு நெனக்கிறீங்களா?"

அவர் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். நீ வேலையை விட்டுவிட்டு வந்துவிடு என்ற வார்த்தை அவர் நாக்கு நுனியில் பல தடவை வந்து நின்றிருக்கிறது. பதினாலு வருஷம் இன்றைக்கு வேலை உண்டா இல்லையா என்று தெரியாமல் விடிகாலையில் எழுந்து ஓடியவளிடம் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அவளும், நீங்கள் பிடுங்கிக் கொடுத்ததுதானே என்று ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அந்த ஐப்பசியில் ஆலங்குறிச்சியிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். கைவிடப்பட்ட பாதையை என்ன செய்வது என்று ஜனங்களிடம் கருத்துக் கேட்பதற்காக அனுப்பப்பட்டவர். ஸ்டேஷன் கட்டிடத்தின் முன்னால் ஷாமியானா போட்டு, நாற்காலிகள் போட்டு, மைக் வைத்தார்கள். நாலு யோசனைகள் பரிசீலனையில் இருப்பதாக அவர் படித்தார். அகலப்பாதை போடலாம், அல்லது கரையைத் தார்ச்சாலையாக்கலாம், அல்லது இரண்டு பக்கமும் மரம் நட்டு ஜனங்கள் நடப்பதற்கும் சைக்கிள் விடுவதற்கும் பாதையாக்கலாம், அல்லது சூரிய ஒளித் தகடு வைக்கிறவர்களுக்குக் கொடுக்கலாம். ஜெகபர் பாய் எழுந்து மைக்கை வாங்கினார்.

"எதையாவது போடுங்க சார். இரும்போ, தாரோ, மரமோ. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு புடிமானம் இருந்தாப் போதும்."

"மொத்தம் முப்பத்தொரு கிலோமீட்டர். திட்ட மதிப்பு அதுக்குத்தான் போட்டிருக்கு. யோசனை பண்ணித்தான் முடிவெடுப்பாங்க."

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த உத்திராபதி எழுந்து நின்றார். மைக்கை வாங்கவில்லை.

"ஐயா வர்ற வழியில எத்தனை வேளை சாப்ட்டீங்க?"

அதிகாரி ஜீப் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் தரையைப் பார்த்தான்.

"ரெண்டு வேளைச் சாப்பாடு" என்றார் அதிகாரி. "நடுவுல ஒரு டிபன்."

"முப்பத்தொரு கிலோமீட்டருக்கா?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சின்ன வயசுக்காரர், நல்லவர்தான், ஜீப்பில் வந்த களைப்பு முகத்தில் அப்படியே இருந்தது.

"எனக்கும் தெரியுது பெரியவரே. வழியெல்லாம் பாத்துக்கிட்டுத்தானே வந்தேன். ஆனா சாப்ட்டதை இந்தப் பாரத்துல எந்தக் கட்டத்துல எழுதுவேன், சொல்லுங்க?"

"அப்ப இதையாவது எழுதிக்குங்க. சாவியெல்லாம் எடுத்துக் குடுத்தது நான்தான். உத்திராபதி, கீமேன்."

"அது உங்க தப்பில்லையே. உத்தரவு இருந்துச்சு."

"தப்புன்னு எழுதச் சொல்லல. எடுத்தவன் பேரு இருக்கட்டும்னு சொல்றேன்."

அதிகாரி ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று யாருக்கும் தெரியாது. அவர் போனபின் பஸ் வாரத்துக்கு ஒன்றாகக் குறைந்தது, மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை ஆலங்குறிச்சிக்குப் புறப்பட்ட பஸ் அங்கே போய்ச் சேரவும் இல்லை, திரும்பவும் இல்லை. அதற்குப் பிறகு வேறு பஸ் விடவில்லை.

போன் இருந்தது. ஆனால் குரலும் அந்த வழியாகத்தானே வர வேண்டும். முதலில், சாப்ட்டியா என்று கேட்டால் தட்டைக் கழுவி வைத்த பிறகு பதில் வந்தது. பிறகு காலையில் கேட்டதற்கு மாலையில் வந்தது. பேச்சுக்குப் பேச்சு பதில் என்பது இனி நடக்காது என்று தெரிந்துகொண்டு, கடிதம் எழுதுகிற மாதிரி ஒரே மூச்சில் பேசிவிட்டு வைக்கப் பழகினார்கள். அதில் தையல்நாயகி கெட்டிக்காரி. அவர் கேட்கப்போவதையும் சேர்த்துக்கொண்டு அதற்குப் பதிலையும் சொல்லிவிடுவாள். "நான் நல்லாருக்கேன், இன்னிக்கு மூணு பொறப்பு, ரெண்டு பொண்ணு ஒரு ஆணு, ஆணு மட்டும் அழுவறதுக்கு ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டுது, நீங்க கேக்கப்போறது தெரியும், மாத்திரை போட்டுக்கிட்டேன், வேட்டிய வெயில்ல காயப் போடுங்க, உள்ள போட்டா வாடை வரும், வெச்சுடறேன்." அந்தக் குரல் மூன்று நாள் வழியில் இருந்துவிட்டு வந்ததால் லேசாகத் தூசி படிந்திருந்தது. உத்திராபதி போனைக் காதிலிருந்து எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருப்பார்.

மாசி மாதம் ஒருநாள் வந்த குரல் சின்னதாக இருந்தது. "காய்ச்சலா இருக்கு. மூணு நாளா எந்திரிக்க முடியல. ஆரோக்கியமேரி சிஸ்டர்தான் கஞ்சி கொண்டாந்து குடுக்கறாங்க. நீங்க ஒண்ணும் பதறாதீங்க." அவ்வளவுதான். மூன்று நாளாக எழுந்திருக்க முடியாதவள் பேசி மூன்று நாளாகிவிட்டது. உத்திராபதி அவல் ஒரு மூட்டையும் வெல்லமும் கட்டிக்கொண்டார், தண்ணீர்க் கேனைத் தோளில் மாட்டினார், வீட்டைப் பூட்டினார். கிளம்பிவிட்டேன் என்று அவளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் வராதீங்க என்பாள் என்று அவருக்குத் தெரியும்.

ரோடு ஊர்களைச் சுற்றி வளைந்து போகும், ரயில் கரை நேராகப் போகும் என்பதால் கரையையே பிடித்துக்கொண்டார். நரியாற்றுப் பாலத்துக்குப் போகவே ஒரு பகல் ஆயிற்று. அதற்கப்பால் யாரும் பேர் வைக்காத நிலம் தொடங்கியது. அது இல்லாத இடத்திலிருந்து வந்த நிலம். உழவு பார்க்காத மண், ஆடு கடிக்காத புல். காக்கை இல்லை. பன்னிரண்டு காலடி இடைவெளியில் அவருக்குத் தெரிந்து நின்ற இரண்டு பனைமரங்களுக்கு நடுவே காலையில் நடக்க ஆரம்பித்து உச்சிவெயிலில் போய்ச் சேர்ந்தார். அந்த மரத்தடியில் உட்கார்ந்து அவலை நனைத்துத் தின்றபோது, இருபத்துநாலு வருஷத்தில் எத்தனை முறை ரயிலில் இந்த இடத்தை ஒரு பெருமூச்சு விடும் நேரத்தில் கடந்திருக்கிறோம் என்று நினைத்தார். சுத்தியலைக் கொண்டுவரவில்லை. தோள் அதைத் தேடிக்கொண்டே இருந்தது.

பன்னிரண்டாவது நாள், கரையும் ரோடும் குறுக்கே வெட்டிக்கொள்ளும் பழைய ரயில்வே கேட்டுக்கு வந்தார். அங்கே அந்தச் செவ்வாய்க்கிழமை பஸ் நின்றுகொண்டிருந்தது. சக்கரங்களைச் சுற்றிப் பரங்கிக்கொடி ஏறியிருந்தது. கண்டக்டர் பக்கிரிசாமி பின்படிக்கட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணே" என்றார், நேற்றுப் பார்த்துப் பிரிந்த மாதிரி. "டீசல் தீந்துபோச்சு. டிரைவரு வாங்கியாறேன்னு கேனை எடுத்துக்கிட்டுப் போனாரு. வருவாரு."

"டிக்கெட்டுங்கல்லாம்?"

"கொஞ்சம் பேரு நடந்துட்டாங்க. ரெண்டு குடும்பம் தோ அந்தப் பக்கம் கொட்டாய் போட்டிருக்கு. ஒரு கொழந்த பொறந்திருக்கு." அவர் ரோட்டைக் காட்டினார். "ஸ்டாப்புக்கெல்லாம் பேர் வேணுமே, நானே வெச்சுட்டேன். பல்லு விழுந்த எடம். சில்லறை உருண்ட எடம். மல்லிகா அழுத எடம். இது கேட்டு, இதுக்குப் பழைய பேரே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

உத்திராபதியின் காலைப் பார்த்துவிட்டுப் பக்கிரிசாமி வெங்காயத்தைக் கீழே வைத்தார்.

"வீங்கியிருக்கேண்ணே. ஒரு நா இருந்துட்டுப் போங்க. பரங்கிக்கா கொழம்பு வெக்கறேன். நாளைக்கு எந்திரிச்சுப் போலாம்."

"இல்ல தம்பி. அங்க காய்ச்சல்ல கெடக்கா."

தண்ணீரை நிரப்பிக்கொண்டு, ஒரு கை சோறு மட்டும் வாங்கித் தின்றுவிட்டுக் கிளம்பினார். மறுநாள் பகல் பத்து மணி சுமாருக்கு அந்தக் கேட்டைத் தாண்டி, கோவில்தாழைப் பக்கம் ஒரு உப்பு லாரி போயிற்று. நிறுத்தினால் திரும்பக் கிளம்பாது என்ற பயத்தில் டிரைவர் நிறுத்தவில்லை, பக்கிரிசாமி கையசைத்ததற்குக் கையை மட்டும் வெளியே நீட்டிக் காட்டினான். முன்சீட்டில், ஜன்னல் ஓரம், காய்ச்சல் விட்ட அசதியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டு தையல்நாயகி இருந்தாள்.

இருபத்திரண்டாம் நாள் உத்திராபதி ஆலங்குறிச்சிக்குள் நுழைந்தார். பிரசவ வார்டு வாசலில் அவரைப் பார்த்ததும் ஆரோக்கியமேரி சிஸ்டர் கையிலிருந்த தட்டை ஜன்னலில் வைத்தார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், அவர் குடித்து முடிக்கும்வரை நின்றார்.

"தையலுக்குச் சரியாப்போச்சுங்க. நல்லா எழுந்து நடந்தா."

"எங்க இருக்கா?"

"உங்களுக்குப் போன் பண்ணிப் பண்ணிப் பாத்தா. அஞ்சு நாளு, ஆறு நாளு, ஒரு பதிலும் வரல. அவருக்குத்தான் என்னமோ ஆயிடுச்சு சிஸ்டர்னு அழுதா. ஒரு உப்பு லாரி ஊரோட போறேன், இனி வரமாட்டேன்னு கெளம்பிச்சு. அதுல ஏறிப் போயிட்டா. பதினோரு நாளாச்சு."

உத்திராபதியின் சட்டைப்பையில் போன் இருந்தது. நடுவழியில் டவரும் இல்லை, சார்ஜும் இல்லை, அது ஒரு கல்துண்டு மாதிரி அவர் நெஞ்சில் இடித்துக்கொண்டு இருபத்திரண்டு நாளும் கூடவே வந்திருந்தது. அவர் அதை எடுத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"லாரி கேட்டு வழியாத்தானே போயிருக்கும்?"

"ரோட்டு வழி அதானே" என்றார் சிஸ்டர். அவர் ஏன் கேட்டார் என்று சிஸ்டருக்குப் புரியவில்லை. உத்திராபதி விரல் விட்டு நாளை எண்ணினார். ஒரு தடவை எண்ணிவிட்டு, சரியாக இருக்காது என்று இன்னொரு தடவை எண்ணினார். பின்பு குனிந்து, வீங்கிய கால்களை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, பிரசவ வார்டு வாசலில், உள்ளே யாரோ ஒரு பெண் கத்திக்கொண்டிருக்க, வெளியே பெரிதாக வாய்விட்டு அழுதார். அங்கே அழுகை புதிதில்லை என்பதால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் அறையின் சாவி சிஸ்டரிடம் இருந்தது. ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், கொடியில் அவள் விட்டுப்போன புடவை. அங்கேயே கிடந்தார். ஐந்தாம் நாள், சிஸ்டர் சார்ஜ் போட்டுக் கொடுத்த போன் அடித்தது.

"வந்துட்டேன். பூட்டப் பாத்ததும் உசுரே போயிடுச்சு. அப்புறம் ஜெகபர் பாய்தான் சொன்னாரு, நீங்க கரையோட நடந்து போனீங்கன்னு. நான் ரோட்டுல வந்தேன். என்ன பண்றது. அழுவாதீங்க. நான் அழுது முடிச்சுட்டேன். லாரிக்காரன் உப்பை ஏத்தல, இனி போவமாட்டேன்னு வண்டியக் கடலோரம் நிறுத்திப்புட்டான். வந்த வழிய நான் பாத்துக்கிட்டேதான் வந்தேன், முழிச்சிருந்த நேரமெல்லாம். எங்களுக்குப் பின்னாடி அது நீண்டுகிட்டே இருந்துது. உங்க காலு இனி தாங்காது, என் காலும் தாங்காது. நான் வரமாட்டேன்னு நெனச்சுக்கிட்டு நீங்க கெளம்புவீங்க, நீங்க வரமாட்டீங்கன்னு நெனச்சுக்கிட்டு நானும் கெளம்புவேன், மறுபடியும் நடுவுல தப்பிப்போவும். அதனால ஒருத்தரு உக்காரணும். ரெண்டு பேருமே உக்காந்துடுவோம். ஆபீசுலேருந்து ஒரு தபால் வந்து கதவுல சொருவியிருந்துது, பரிசீலனையில இருக்குன்னு போட்டிருக்கு. இருக்கட்டும். லைன் போட ஆளு வந்தா நான் காட்டறேன், எந்தத் தூணுன்னு நீங்க சொல்லியிருக்கீங்க, எனக்கு ஞாபகம் இருக்கு. நீங்க அங்க சும்மா இருக்காதீங்க. சும்மா இருந்தா உங்களுக்கு ஒடம்புக்கு ஆவாது. சிஸ்டர் கிட்ட சொல்லுங்க, வெந்நி தூக்க ஆளு இல்ல. வெச்சுடறேன்."

சிஸ்டர் யார் யாரிடமோ பேசி அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். வெந்நீர் தூக்குவது, தள்ளுவண்டி தள்ளுவது, குளிப்பாட்டித் துணியில் சுற்றிய பிள்ளையை வெளியே காத்திருக்கிறவர்களிடம் கொண்டுபோய்க் காட்டுவது. முதல் பிள்ளையைக் கையில் வாங்கியபோது உத்திராபதி காலடியை எண்ணி எண்ணி வைத்து வாசல் வரை நடந்தார். பிறகு பழகிவிட்டது. கோவில்தாழையில் ரயில் கரைமேல் அவள் காலையில் நடந்துவிட்டு வந்து போனில் எண்ணிக்கை சொல்லுவாள், இவர் பிறப்பு எத்தனை என்று சொல்லுவார். அவள் சொன்ன எண்ணிக்கை பத்து நாள் கழித்து வந்தது, பிறகு இருபது நாள், பிறகு ஒரு மாதம். குரல் வரவர மெலிந்தது. கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டால்தான் வார்த்தை பிடிபட்டது. ஆலங்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் கோவில்தாழை என்று எழுதியிருந்த பலகையைக் கழற்றிவிட்டு வேறு ஊர் பேரை மாட்டினார்கள். ஊரில் புதிதாகப் படிக்கிற பிள்ளைகளுக்குக் கிழக்கே ஒரு ரயில் ஓடியது என்று யாரும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை, சொல்வதற்கு ஒரு சந்தர்ப்பம் வரவில்லை.

சில வருஷம் கழித்து ஒரு சித்திரை மாதத்து மத்தியானம், தலைப்பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. கூட வந்த தாயார் மருந்து வாங்க வெளியே போயிருந்ததால், உத்திராபதி பிள்ளையை வைத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றார். அந்தப் பெண் களைப்போடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பிள்ளையைப் பிடித்திருந்த பக்குவத்தைப் பார்த்து அவளுக்கு ஏதோ கேட்கத் தோன்றியிருக்க வேண்டும்.

"ஐயா, உங்களுக்கு இந்த ஊருதானா?"

"இல்லம்மா. கோவில்தாழை."

"கேள்விப்பட்டதே இல்லையே. அது எந்தப் பக்கம்?"

"கெழக்கால. கடலோரம்."

பிள்ளை சிணுங்கியது. அவர் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு முதுகில் மெல்லத் தட்டினார்.

"அங்கல்லாம் ஆளுங்க இருக்காங்களா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

உத்திராபதி தட்டுவதை நிறுத்தவில்லை.

"ஒருத்தி இருக்கா" என்றார்.